பீர் திருவிழா வாரத்தில் புது பாருக்குப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மே மாதக் கடைசியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஜீசஸ் கிரீன் புல்வெளியில் பெரிய கூடாரம் எழுந்துவிட்டால், அந்த வாரம் முழுக்க ஊரில் பீர்ப் பேச்சுதான். 1974இல் தொடங்கிய திருவிழா அது. காம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பின் உள்ளூர்க் கிளை நடத்துகிறது. ஊற்றிக் கொடுப்பவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சின்ன ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீரை விற்க ஊருக்குள் புதிதாகத் திறந்த பார்களும் இந்த வாரத்தை விடுவதில்லை. கூடாரத்தில் குடித்துவிட்டு அப்படியே பாருக்கு நடந்து வரும் கூட்டத்துக்காகக் காத்திருக்கும்.

முதல் தவறு அந்த நடையில்தான். நானும் செய்திருக்கிறேன். கூடாரத்தில் ஐந்து அரை பைண்ட் முடித்துவிட்டு, திறந்து ஒரு மாதம்கூட ஆகாத பார் ஒன்றுக்குள் நுழைந்தேன். பலகையில் இருந்ததிலேயே கனமான, 11 சதவீத ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைக் கேட்டேன். கருகிய காபியில் வெல்லம் கரைத்தது போல இருந்தது. பாரே சரியில்லை என்று நண்பர்களிடம் சொல்லியும் விட்டேன். மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வெறும் நாக்கோடு போய் அதே பீரைக் குடித்தபோதுதான் சரியில்லாதது எது என்று தெரிந்தது. திருவிழா ஒரு நாள், பார் இன்னொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில்தான் முடியும் என்றால் பாருக்கு முதலில் போங்கள்.

அளவில் ஏமாறுவது அடுத்தது. இங்கே பைண்ட் என்றால் 568 மி.லி. குழாய் பீரை மூன்றில் ஒரு பங்கு, அரை, மூன்றில் இரண்டு பங்கு என்றும் விற்கச் சட்டம் இடம் தருகிறது. கனமான பீருக்குப் பலகையில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கானது. அதைக் கவனிக்காமல், ‘பைண்ட் இவ்வளவு சல்லிசா!’ என்று வாங்கினால் பர்ஸ் இளைக்கும், தலை கனக்கும். கணக்கு எளிது: மி.லி. அளவைச் சதவீதத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் ஆல்கஹால் என்று வரும். 11 சதவீத ஸ்டவுட்டில் மூன்றில் ஒரு பைண்ட், அதாவது 189 மி.லி., ஏறக்குறைய 2.1 யூனிட். பிட்டர் என்ற சாதாரண 4 சதவீத ஆங்கிலேய பீர் முழு பைண்ட் 2.3 யூனிட். அந்தச் சின்ன கிளாஸும் இந்தப் பெரிய கிளாஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரிட்டன் மருத்துவர்கள் வாரம் முழுவதற்குமே 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். ஆகவே தயங்காமல் ‘தேர்ட்’, அதாவது மூன்றில் ஒரு பங்கு, என்று கேளுங்கள், யாரும் கஞ்சன் என்று நினைக்க மாட்டார்கள். லேசானதிலிருந்து கனமானதுக்குப் போவதுதான் முறை. மாற்றிச் செய்தால் லேசான பீர் தண்ணீராகத்தான் தெரியும்.

‘பீர் சூடாக இருக்கிறதே’ என்று சண்டை பிடிப்பவர்கள் வருடா வருடம் உண்டு. காஸ்க் பீர் என்பது பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து கடைசிவரை நொதித்துக்கொண்டிருக்கும் சரக்கு. 11 முதல் 13 டிகிரியில் கொடுப்பதுதான் அதன் முறை. ஜில்லென்று நுரை பொங்க வேண்டுமானால், வாயு அழுத்தத்தில் வரும் கெக் பீரைக் கேளுங்கள். இன்னொன்று: கூடாரத்தில் பீப்பாயிலிருந்து நேராகத் திறந்து ஊற்றுகிறார்கள், பாரில் அதே பீரைக் கைப்பம்பால் இழுக்கிறார்கள். நுரையும் வாயில் படும் விதமும் மாறும். ‘அங்கே குடித்தது போல இல்லை’ என்பது குறையே அல்ல.

கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனது என்றும் முடிவு கட்டாதீர்கள். நியூ இங்கிலாந்து ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற பீர் வகை கலங்கலாகத்தான் இருக்க வேண்டும். புளிப்பிலும் அப்படித்தான். ஜெர்மனியிலிருந்து வந்த கோஸா என்ற புளிப்பு வகையில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். நீர்மோர் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் சாதாரண பிட்டர் வினிகர் வாடை அடித்தால் அது வேறு விஷயம். ஒரு வாய் குடித்ததுமே கவுன்டருக்கு எடுத்துப்போய், ‘இது சரியாக இருக்கிறதா, பாருங்களேன்’ என்று சொன்னால் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸைக் காலி செய்துவிட்டுப் போனால் மாற்றுவது சந்தேகம்தான்.

பெரும்பாலான பார்களில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், கவுன்டரில் போய் வாங்க வேண்டும். காசை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். யார் முதலில் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ருசி பார்க்கக் கொஞ்சம் கேட்கலாம், ஒன்றோ இரண்டோ. பின்னால் இருபது பேர் நிற்கும்போது எட்டாவது சாம்பிள் கேட்பது அராஜகம். திருவிழா வாரத்தில் ஒரே ப்ரூவரியின் (பீர் ஆலையின்) சரக்கு எல்லாக் குழாய்களையும் பிடித்திருக்கலாம். அதை வைத்து பாரின் தரத்தை எடைபோட முடியாது. வழக்கமாக என்ன வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், மாணவர்கள் பாஸ்போர்ட்டை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்து நிற்பது சகஜம்.

சாப்பிடாமல் போகாதீர்கள். பல புது பார்களில் அடுப்பே கிடையாது, சிப்ஸ் பாக்கெட்தான். பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ.வோடு காரசாரமாக எதையாவது சாப்பிட்டால் கசப்பும் எரிச்சலும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். நடுநடுவே தண்ணீர் கேளுங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கே உரிமத்தின் நிபந்தனை.

அப்புறம் சைக்கிள். கேம்பிரிட்ஜ்காரர்கள் கார் எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஏறுவார்கள். காருக்கு 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால் என்று இங்கிலாந்தில் வரம்பு உண்டு. சைக்கிளுக்கு அப்படி எண் இல்லை. ஆனால் சரியாக ஓட்ட முடியாத அளவு குடித்துவிட்டு ஓட்டுவது குற்றம்தான். பார் வாசலிலேயே பூட்டிவிட்டு நடந்து போங்கள். மறுநாள் மதியம் எடுக்கப் போகும்போது பார் காலியாக இருக்கும், அந்த ஸ்டவுட்டில் ஒரு தேர்ட் வாங்கி உட்காரலாம். திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் சரி.