சத்துமாவில் பூச்சி மாவு: கலக்கும் முன் கவனிக்க வேண்டியவை

"பேரனுக்கு எடையே ஏற மாட்டேங்குது. கேழ்வரகுக் கஞ்சியில பூச்சி மாவு ஒரு கரண்டி போடலாமா?" தேக்கா சந்தைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். 2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்தது முதல், பூச்சியை உலர்த்தி அரைத்த இந்த மாவைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. நியாயமான கேள்விதான். தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறு பூச்சியில் இருக்கிறது. இரும்பும் துத்தநாகமும் கூட.

நான் திருப்பிக் கேட்டது: "பையன் இறால் சாப்பிடுவானா?" ஒருமுறை சாப்பிட்டு உதடு வீங்கியதாம். அப்படியானால் கூடவே கூடாது. இறால், நண்டில் ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமயோசின் என்ற புரதம் பூச்சியிலும் உண்டு. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போய்விடும் என்று நம்ப முடியாது. வீட்டுத் தூசிப் பூச்சி ஒத்துக்கொள்ளாதவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அடுத்த தவறு, இதை மருந்தாக நினைப்பது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 6 மாதம் முதல் 18 மாதம் வரை குழந்தைகளுக்குக் கம்பளிப்புழு கலந்த தானிய மாவு கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி இரத்தசோகை குறைந்தது, வளர்ச்சிக் குன்றல் குறையவில்லை. எனக்கு இது முக்கியமான பாடமாகப் படுகிறது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாவும் உடம்பில் ஒட்டாது. எடை ஏறாத குழந்தையை முதலில் பலதுறை மருந்தகத்துக்குத்தான் அழைத்துப் போக வேண்டும்.

பொட்டலத்தில் போட்டிருக்கும் புரத அளவையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வழக்கமாக நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். பூச்சி ஓட்டிலுள்ள கைட்டின் என்ற, புரதமல்லாத பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால், ஆய்வாளர்கள் சில பூச்சிகளுக்கு 4.76 என்ற எண்ணைப் பரிந்துரைக்கிறார்கள். அதன்படி, பொட்டலத்தில் 60 கிராம் புரதம் என்றிருந்தால் அது ஏறத்தாழ 46 கிராம்தான்.

கேழ்வரகை முளைகட்டி அரையுங்கள். இரும்பு உடலில் சேரத் தடையாக இருக்கும் ஃபைட்டேட் குறையும்.

ஊரில் ஈசலை வறுத்துப் பொரியரிசியோடு தின்ற ஞாபகத்தில், புளோக் விளக்கடியில் விழுவதைப் பொறுக்க வேண்டாம். இங்கே கொசு மருந்துப் புகை அடிக்கிறார்கள். பண்ணையில் வளர்த்த பூச்சிக்குத்தான் அனுமதி. காட்டில், வெளியில் பிடித்தவற்றுக்கு இல்லை.

பூச்சி மாவைச் சிறிய பொட்டலமாக வாங்கி, ஈரக்கரண்டி படாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். இதில் கொழுப்பு அதிகம், நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும். வந்துவிட்டால் குப்பையில் போட்டுவிடுங்கள், கஞ்சியில் வேண்டாம்.