புதுவரவுக்கு முன் மூத்த பிள்ளைக்கு ஒரு நாள்

இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில், பிரசவத்துக்காகத் தாய் பிறந்தகம் புறப்படுவதற்கு முன்பே, மூத்த பிள்ளைக்கென ஒரு நாளை ஒதுக்கி வெளியே அழைத்துச் செல்வது நல்லது. மசக்கை தணிந்து, வயிறு இன்னும் பாரமாகாத ஐந்தாம், ஆறாம் மாதங்களே இதற்கு ஏற்றவை. ஆயினும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும்.

சென்னையில் இருப்போருக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பரிந்துரைப்பேன். சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ள அதை முழுவதும் நடந்து பார்ப்பது கர்ப்பிணிக்குக் கடினம் என்பதால், பேட்டரி வாகனத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளைப்புலியோ நீர்யானையோ, பிள்ளை ஆசைப்படும் இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

காரில் செல்கையில் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றை அழுத்தாமல் அதற்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டியும், மேல்பட்டை மார்புக்கு நடுவாகவும் அமைய வேண்டும். பரிசோதனைக் குறிப்பேடு கைப்பையிலேயே இருக்கட்டும். “பாப்பா வந்தால் நீ விட்டுக்கொடுக்க வேண்டும்” என்னும் அறிவுரையை அன்றைக்காவது தவிர்த்துவிடலாம். அதைச் சொல்ல உறவினர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.