ஷெட்லாந்துக்கு ஊசியும் நூலுமாக: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளுக்குப் போய்வந்த பின்னல்காரர் வீட்டு பீரோவில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். உள்ளே இருபது நிறங்களில் கம்பளி நூல், நிறத்துக்கு ஒரே ஒரு பந்து. எதைப் பின்னவும் போதாது. கடைச் சுவர் முழுக்க நிறம் நிறமாக அடுக்கியிருந்த மயக்கத்தில் வாங்கியது. விசா, விமானம், கப்பல் எல்லாம் எப்படியோ நடந்துவிடும். இந்தப் பயணம் சொதப்புவது நூல் அலமாரிக்கு முன்னால்தான். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே என்ன பின்னப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

முழுக்கை ஸ்வெட்டர் சென்னையில் யாருக்கும் வேண்டாம். கொடைக்கானல், ஊட்டி போனால் இரண்டு நாள் போடலாம், அவ்வளவுதான். லேஸ் சால்வைதான் புத்திசாலித்தனம்: மார்கழிக் கச்சேரியில் சபா ஏசி முதுகில் அடிக்கும்போது, ஆபீசில், இரவு ரயிலில் என்று வருடம் முழுக்க உதவும். பல நிறத்தில் பூப் போடும் ஃபேர் ஐல் வேலைப்பாடுதான் பின்ன வேண்டும் என்றால் கையில்லாத வெஸ்ட் அல்லது தொப்பியோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னுகிறீர்கள் என்றால் கணக்கே வேறு.

நூல் கணக்கு

ஷெட்லாந்தின் முக்கிய ஊரான லெர்விக்கில் இரண்டு பெரிய நூல் பெயர்கள். ஜேமிசன் அண்ட் ஸ்மித், ஊருக்குச் சற்று வடக்கே நார்த் ரோட்டில் இருக்கிறது. ஜேமிசன்ஸ் ஆஃப் ஷெட்லாந்துக்குக் கடை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில், மில் மேற்குக் கரையில் சாண்ட்னெஸ் கிராமத்தில். பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். முதலாவதின் 2 பிளை (இரண்டு இழை முறுக்கிய) ஜம்பர் வெயிட் 25 கிராம் பந்தில் சுமார் 115 மீட்டர், இரண்டாவதின் ஸ்பின்ட்ரிஃப்ட் 25 கிராம் பந்தில் 105 மீட்டர். '2 பிளை' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் கனம் நாம் 4 பிளை என்று வாங்கும் நூலுக்குச் சமம்.

38–40 அங்குல மார்பளவுக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால் எல்லா நிறமும் சேர்த்து 13 முதல் 15 பந்து, கையில்லாத வெஸ்ட் என்றால் 9 முதல் 11. தொப்பிக்கு எடை கணக்கில் 50 கிராம் போதும், ஆனால் ஐந்து நிறம் வேண்டுமென்றால் ஐந்து பந்து வாங்கியே ஆக வேண்டும். மீதி நூலை வைத்து இரண்டாவது தொப்பி போடுகிற மாதிரி டிசைனைத் தேர்ந்தெடுங்கள். முக்கிய நிறத்தில் கணக்குக்கு மேல் ஒரு பந்து கூடுதலாக எடுங்கள், எல்லாம் ஒரே சாயத் தொகுதி எண்ணில், அதாவது ஒரே தடவை சாயம் போட்டதாக, இருக்க வேண்டும். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். தொகுதி மாறினால் கடையில் ஒன்றுபோலத் தெரியும். மார்புக்குக் குறுக்கே கோடு விழுந்தது வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும்.

நிறம் தேர்ந்தெடுக்க ஒரு வழி. ஃபேர் ஐலில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறம்தான் ஓடும். பூ வேலைப்பாடு எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் நிறங்களின் பெயர் அல்ல, ஒன்று வெளுப்பாகவும் மற்றது அடர்த்தியாகவும் இருப்பதுதான். பந்துகளை வரிசையாக வைத்து போனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். மாந்தளிர்ப் பச்சையும் குங்குமச் சிவப்பும் கண்ணுக்குச் சண்டை போடும். கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டால் பின்னிய பூ தூரத்திலிருந்து தெரியாது. அலமாரியை விட்டு ஜன்னல் பக்கம் கொண்டுவந்து பாருங்கள், கடைக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாயம் போடாத இயற்கை நிறங்களையும் கேளுங்கள். மூரிட் என்று ஒன்று உண்டு, சுக்குக் காபி நிறம். சாயமிட்ட நூலில் அந்த நிறம் வருவதில்லை.

குத்துமா என்று பார்க்க உள்ளங்கையில் தடவினால் தெரியாது. பந்தைக் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே பத்து நிமிடம் செருகி வைத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிற சென்னைக் கழுத்துக்கு ஷெட்லாந்து கம்பளி சிலரிடம் ஒத்துக்கொள்ளாது. தொப்பி, வெஸ்ட் பரவாயில்லை. கழுத்தைச் சுற்றுகிற துணிக்கு மென்மையான நூல் வேறு பாருங்கள்.

கிளம்பும் முன் கை பழகுவது

பாரிமுனைக் கடைகளில் 'உல்லன்' என்று கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். இரண்டு நிறப் பின்னல் பழக அது போதும்: ஒரு நூல் வலக்கையில், மற்றது இடக்கையில், பின்பக்கம் ஐந்து கண்ணிக்கு (ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) மேல் நூல் தொங்கினால் நடுவில் ஒருமுறை பிடித்துக்கொள்வது. ஆனால் ஸ்டீக் வெட்டுவதை மட்டும் அக்ரிலிக்கில் பழகாதீர்கள். ஃபேர் ஐல் ஸ்வெட்டரைக் குழாய்போல வட்டமாகப் பின்னி, கை வைக்கும் இடத்தில் கூடுதலாக ஐந்து ஏழு கண்ணி விட்டு, கடைசியில் அந்த நடுவே கத்தரிப்பதுதான் ஸ்டீக். ஷெட்லாந்து கம்பளியின் இழையில் சிறு செதில்கள் உண்டு, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வெட்டிய கண்ணி நகராது. அக்ரிலிக் வழவழப்பு, வெட்டியதும் கண்ணி ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு ஓடும். அதைப் பார்த்துப் பயந்து ஸ்டீக்கே வேண்டாம் என்று விட்டவர்கள் பலர்.

கேஜ், அதாவது 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று பார்ப்பதிலும் ஒரு பொறி. இந்த நூல் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும், கழுவினால்தான் உப்பி விரியும். ஆகவே மாதிரித் துண்டைக் கழுவி உலர்த்திய பிறகே அளக்க வேண்டும். 280 கண்ணி போட்ட உடல், 10 செ.மீ.க்கு 28 கண்ணி என்றால் 100 செ.மீ. வரும். உங்கள் கை இறுக்கமாகி 30 ஆனால் 93 செ.மீ.தான். இரண்டே கண்ணி வித்தியாசம், ஸ்வெட்டர் தம்பிக்குப் போய்விடும்.

ஊசி எண்களில்தான் அதிகக் குழப்பம். நம் ஊர் ஊசிகள் பழைய பிரிட்டிஷ் எண்ணில் வரும், எண் கூடக் கூட ஊசி மெலியும். நம் 10 என்பது 3.25 மி.மீ., 8 என்பது 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கு தலைகீழ், அங்கே 10 என்றால் 6 மி.மீ. டிசைன் தாளில் எந்த எண் இருந்தாலும் மி.மீ.யை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊசியை அங்கே போய் வாங்கவும் வேண்டாம். ஐரோப்பியக் கடைகளில் அழகாகத் தொங்கும் நிட்ப்ரோ ஊசிகள் இந்தியாவில் செய்தவை. போனி ஊசிகளோ நம் நீலகிரியில் கேத்திப் பக்கம் செய்பவை. வாங்கத் தகுந்தது ஒன்று உண்டு: மாக்கின் பெல்ட். இடுப்பில் கட்டும் தோல் பட்டை, அதில் துளையிட்ட திண்டு. நீண்ட ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் ஊன்றிவிட்டால் வலக்கைக்கு ஊசியின் பாரம் இருக்காது, வேகம் கூடும். அங்கே 'மாக்கின்' என்றால் பின்னல், 'வயர்' என்றால் ஊசி, 'பீரி' என்றால் சின்னது. இந்த மூன்று சொல்லும் அங்கே நடக்கும் பின்னல் வகுப்புகளில் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

எப்போது, எப்படிப் போவது

செப்டம்பர் இறுதியில் தொடங்கும் ஷெட்லாந்து வூல் வீக் என்ற கம்பளித் திருவிழா 2010இல் ஆரம்பித்தது. ஒவ்வோர் ஆண்டும் அதற்கென்று ஒரு தொப்பி டிசைன் வெளியாகும், அதைப் பின்னிப் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். வகுப்புகளுக்கான டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தங்குமிடம் அதைவிடச் சீக்கிரம். அதனால் வரிசை இப்படி: முதலில் ரத்து செய்யக்கூடிய அறை, பிறகு வகுப்பு, பிறகு கப்பல், கடைசியில் விமானம். வகுப்பே வேண்டாம், கடையும் மியூசியமும் போதும் என்பவர்களுக்கு ஜூன் நல்லது. இரவு பதினொரு மணிக்கும் வாசலில் உட்கார்ந்து பின்னலாம்.

பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு தெரிய வழக்கமாக மூன்று வாரம். பொழுதுபோக்கு வகுப்பில் சேர அந்த விசா இடம் கொடுக்கும். பின்னியதை எடுத்துப்போய் விற்க இடம் கொடுக்காது. ஐஸ்லாந்தில் லோபி நூல், எஸ்டோனியாவில் ஹாப்சாலு சால்வை என்று இதே பயணத்தில் சேர்க்க ஆசைப்பட்டால் ஷெங்கன் விசா தனியாக வேண்டும். ஒரே விடுமுறையில் இரண்டையும் திணிக்காமல் இருப்பது நல்லது.

சென்னையிலிருந்து லண்டன் வழியாகவோ வளைகுடா வழியாகவோ எடின்பரோ, அங்கிருந்து ரயிலில் அபர்டீன் இரண்டரை மணி நேரம். அபர்டீன் ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் நடக்கிற தூரம். லெர்விக் கப்பல் மாலை ஏழு மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை ஏழரைக்குச் சேரும். ஆர்க்னி தீவுகள் வழியாகப் போகும் நாட்களில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடும், தேதி பார்த்து ரயிலைப் போடுங்கள். வடகடல் சாது அல்ல. வாந்தி மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். ஆடும்போது ஊசியையும் கட்டம் போட்ட தாளையும் உற்றுப் பார்த்தால் குமட்டல் கூடும், படுத்துவிடுங்கள். காற்று பலத்தால் கப்பல் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் நடக்கும். திரும்பும் விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி வையுங்கள், அந்த இரண்டு நாளை எடின்பரோவில் கழிக்கலாம்.

மீனம்பாக்கத்தில் கைப்பையில் ஊசி கொண்டுபோக முடியுமா என்பது அன்றைய பாதுகாப்பு அதிகாரியின் கையில். பிரிட்டன் விமான நிலைய விதிப்படி பின்னல் ஊசிக்கும் வெட்டும் அலகு 6 செ.மீ.க்குள் இருக்கும் கத்தரிக்கும் அனுமதி உண்டு, ஆனால் நம் பக்கம் கத்தரியைத் தடுக்கலாம். உலோக ஊசி, கத்தரி, நீள ஊசி எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். பாதி பின்னிய வேலையைக் கைப்பையில் வைக்கத்தான் வேண்டும் என்றால் கண்ணிகளை ஊசியிலிருந்து கழற்றி வேறு நூலில் கோத்துவிடுங்கள். ஊசியைப் பிடுங்கிக்கொண்டால் கூடவே முந்நூறு கண்ணியும் அவிழும்.

அங்கே

லெர்விக்கில் ஹேஸ் டாக்கில் உள்ள ஷெட்லாந்து மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கன்னிஸ்டர் என்ற இடத்தில் 1951இல் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த, 17ஆம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்த ஒரு மனிதனின் உடைகளின் நகல்கள் இங்கே இருக்கின்றன. அசல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய மியூசியத்தில். அதில் ஒரு சின்னப் பணப்பை உண்டு, ஷெட்லாந்தில் கிடைத்தவற்றிலேயே பழமையான இரு நிறப் பின்னல் அதுதான். லேஸ் பிரியர்கள் உன்ஸ்ட் தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், போகும்போதே இரண்டு சிறு படகு மாற வேண்டும். மோதிரத்துக்குள் நுழைந்து வெளிவரும் சால்வைகள் அந்தத் தீவின் பெருமை. அங்குள்ள ஹெரிட்டேஜ் சென்டர் குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு, நூல் கடைகளும் அன்று மூடல். ஞாயிறு காலை லெர்விக்கில் இறங்குகிற மாதிரித் திட்டம் போட்டால் முதல் நாளே வீண். நம் ஓட்டுநர் உரிமம் சுற்றுலாப் பயணிக்கு அங்கே செல்லும், இடப்பக்கம்தான் ஓட்டுவதும். ஆட்டோமேட்டிக் கார் சில மட்டுமே இருக்கும், முன்பே சொல்லிவையுங்கள். குடை கொண்டுபோகாதீர்கள், காற்றில் நிற்காது. தலைமூடியோடு மழைக்கோட்டு போதும். சைவக்காரர்கள் சமையலறை உள்ள அறையாக எடுத்தால் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கைகொடுக்கும். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களுக்கு பிரிட்டனுக்குள் அனுமதி இல்லை.

வாட் வரி திரும்பக் கிடைக்கும் என்று பழைய பயணக் குறிப்புகளை நம்பி பில் சேர்க்க வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் அது நின்றுவிட்டது. பில்லை நம் சுங்கத்துறைக்காக வைத்துக்கொள்ளுங்கள். கழுவாத ஆட்டு ரோமத்தை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், விலங்குப் பொருள் தடுப்புக்காப்பு விதியில் மாட்டும். நூற்ற நூலில் அந்தச் சிக்கல் இல்லை. கம்பளிக்கு எடை குறைவு, இடம்தான் அடைக்கும். காற்று உறிஞ்சும் பையில் அழுத்திக் கொண்டுவரலாம், வந்ததும் பிரித்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

நூலை ஜிப் பையில் காற்று போக மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப் பூச்சி முட்டைக்கு இதுதான் மருந்து. வேப்பிலையும் வசம்பும் முட்டையைக் கொல்லாது. வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடுவதுதான் நம் ஊரில் நடக்கும் தப்பு. குளிர்ந்த கம்பளியில் சென்னைக் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து, பிறகு பூஞ்சை. ஒரு நாள் முழுக்க மூடியபடியே வெளியே வைத்துப் பிறகு திறக்க வேண்டும். அந்துருண்டை போடுவதென்றால் துணியில் முடிந்து போடுங்கள், நேராக நூலில் பட்டால் வாசனை போகவே போகாது.

பின்னி முடித்ததைக் கழுவ அறை வெப்பத் தண்ணீர், கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, இருபது நிமிடம் ஊறல். கசக்கினால் அந்தச் செதில்கள் பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கட்டியாகிவிடும். துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்து ஈரம் எடுங்கள், கொடியில் தொங்கவிட வேண்டாம், பாயில் விரித்து அளவுக்கு இழுத்து குண்டூசி குத்துங்கள். கோடையில் மின்விசிறிக்கு அடியில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் ஆகி வாடை வரும், அப்போது இரவு ஏசி போடும் அறையின் தரையில் விரித்துவிடுங்கள்.