தலைப்பிள்ளை பெற்றவர்களுக்கு: முகம், குரல், கை

வடமராட்சியில் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் நான். தலைப்பிள்ளை பிறந்த வீட்டு அறைகளில் இப்போதெல்லாம் பாட்டோடு சுழலும் பொம்மை தொங்குகிறது. வெளிநாட்டிலிருந்து சித்தியோ மாமாவோ அனுப்பியதாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் பிள்ளைக்கு முதலில் வேண்டியது நீங்கள்.

பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும் பிள்ளைக்கும் உங்கள் முகத்துக்கும் இடையே உள்ள தூரமும் அவ்வளவே. ஆகவே அந்த நேரத்தில் போனைத் தள்ளி வையுங்கள். கறுப்பும் வெளுப்பும் சேரும் இடங்களையே அந்தக் கண் தேடும்: தலைமயிரின் ஓரம், புருவம், நெற்றிப் பொட்டு. பால் குடித்து முடித்து விழித்திருக்கும்போது முகத்தை மெல்ல ஒரு பக்கமாக அசையுங்கள். கண் விட்டுவிட்டுத் தொடர்ந்து வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

தாலாட்டுத் தெரியாதே என்று பலர் கூச்சப்படுகிறார்கள். வயிற்றிலேயே கேட்டுப் பழகிய உங்கள் குரல் போதும். உடுப்பு மாற்றும்போது, "இப்போது காலைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள், இரண்டாம் மாதமளவில் அந்த இடைவெளியில் "ங்கா" என்று பதில் வரும்.

எண்ணெய் பூசுவதை அம்மம்மாவிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள். அவர் பக்கத்தில் இருக்கட்டும், கை உங்களுடையதாக இருக்கட்டும். பால் குடித்து ஒரு மணி நேரமாவது போக வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளமாக வழித்துவிடுங்கள். பெருவிரலால் பாதத்தை மெல்ல அழுத்துங்கள். வயிற்றில் மணிக்கூட்டு முள் போகும் திசையில் வட்டமாகத் தடவுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை இழுப்பது, தலையை அழுத்தி உருட்டுவது எதுவும் வேண்டாம், யார் சொன்னாலும்.

கண் பிள்ளையின் முகத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை முகத்தைத் திருப்பினாலோ, கொட்டாவி விட்டாலோ, விரல்களை விறைத்து விரித்தாலோ போதும் என்று அர்த்தம். மூன்று நிமிடத்தில் போதும் என்றால் மூன்று நிமிடம்தான்.

நிறை குறைவாகப் பிறந்த பிள்ளை என்றால் வெறும் மார்போடு அணைத்து வைத்திருப்பதே பெரிய மருந்து. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறை இது. உடற்சூடு நிலைக்கும், பால் சுரக்கும், நிறை ஏறும். தகப்பனும் செய்யலாம், நீங்கள் குளிக்கப் போகும் நேரத்தில் அவரிடம் கொடுங்கள்.

விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்தபடி சிறிது நேரம் குப்புறக் கிடத்துங்கள். நித்திரைக்கு எப்போதும் மல்லாந்துதான்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் உங்கள் முகம் பார்த்துச் சிரிப்பு வரும். மூன்று மாதமாகியும் சிரிக்காவிட்டால், முகத்தைத் தொடர்ந்து பார்க்காவிட்டால், அல்லது எந்த வயதாக இருந்தாலும் பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடாவிட்டால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.