ஒசாகா கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் நண்பர் குடும்பத்தை ஜப்பானில் உள்ள ஒசாகா கோட்டைக்கு அழைத்துப் போனேன். முதல் முறை நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசையாகச் செய்தார்கள். தொப்பி, தோதான செருப்பு பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

கோபுரம்தான் கோட்டை என்று நினைப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். முதல் முறை போனபோது ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன், லிஃப்டில் ஏறினேன், எட்டாவது மாடியில் படம் எடுத்தேன், வந்த வழியே திரும்பிவிட்டேன். சகுராமோன் வாசலுக்கு உள்ளே டாகோ-இஷி என்ற ஒற்றைக் கல் இருக்கிறது. எடை சுமார் 108 டன். இனுஜிமா தீவில் வெட்டிக் கடல்வழியாகக் கொண்டுவந்தது. அதைப் பார்க்க மூன்று ஆண்டு கழித்து இன்னொரு விமான டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று.

ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி ஹிடெயோஷி 1583இல் தொடங்கிய கோட்டை 1615 போரில் எரிந்தது. வென்ற டோகுகாவா வம்ச ஆட்சி அதை மண் போட்டு மூடி, 1620 முதல் அதன் மேலேயே புதுக் கோட்டை எழுப்பியது. இன்று நாம் பார்க்கும் அகழி மதில்கள் அவர்களுடையவை. பல சிற்றரசர்கள் ஆளுக்கொரு பகுதி கட்டினார்கள். தங்கள் கல் எது என்று தெரிய அடையாளம் செதுக்கினார்கள். மதில் ஓரமாக மெதுவாக நடந்தால் அந்தக் குறிகள் கண்ணில் படும். அகழியோரம் நிற்கும் செங்கான் காவல்மாடம் 1620இல் கட்டிய அசல் மரக்கட்டடம். உள்ளே எல்லா நாளும் விடமாட்டார்கள். திறக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள்.

"காங்கிரீட்தானே" என்று ஒதுக்குவது

லிஃப்டைப் பார்த்ததும் நண்பர் முகம் வாடிவிட்டது. "அப்போ இது ஒரிஜினல் இல்லையா?" என்றார். கோபுரம் 1931இல் நகர மக்களின் நன்கொடையில் கட்டியது. கீழ் நான்கு அடுக்கு டோகுகாவா பாணி வெள்ளை, உச்சி மட்டும் ஹிடெயோஷி காலத்துக் கறுப்பும் பொன்னும். இப்படியொரு கோபுரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் ஹிடெயோஷியின் கோபுரம் நின்றது சுமார் 30 ஆண்டு. டோகுகாவா கோபுரம் 40 ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1665இல் இடி விழுந்து எரிந்தது. 1945 குண்டுவீச்சையும் தாண்டி நிற்பது இந்தக் காங்கிரீட் கோபுரம்தான். 1997இல் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவும் செய்துவிட்டார்கள்.

வடக்கு வழியாக நுழைவது

கோகுராக்கு பாலம் தாண்டினால் நேரே கோபுரம்தான். முதன்மை வாசல்களான ஓட்டேமோன், சகுராமோன் இரண்டும் தவறிப்போகும். தானிமாச்சி 4-சோமே நிலையத்தில் இறங்கி ஓட்டேமோன் வழியாக வாருங்கள்.

ஹிமேஜி கோட்டையை விட்டுவிடுவது

1609இன் மரக் கோபுரம், ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். போய்விட்டு வாருங்கள்.