புது ஊரில் இனிப்பு தேடும்போது பலர் செய்யும் தவறுகள்

இந்த ஊரில் நல்ல இனிப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு கடையைக் கைகாட்டுவார்கள். பெயரை மட்டும் நம்பிப் போனால் பாதிக்குப் பாதி ஏமாற்றம்தான். கேட்க வேண்டியவை இரண்டு: எந்தக் கொழுப்பில் செய்தது, செய்து எத்தனை மணி நேரம் ஆயிற்று? பேர்போன கடையும் இந்த இரண்டில் கோட்டைவிடலாம், பெயர்ப்பலகைகூட இல்லாத சந்துக் கடை இரண்டிலும் தேறிவிடலாம்.

தேடும் சொல்லிலேயே சறுக்குவது

மேப்பில் "டெஸர்ட்" என்று போட்டால் சுற்றுலாப் பயணிகளுக்காகவே திறந்த கடைகள்தான் வரிசைகட்டி வரும். உள்ளூர்க்காரர்கள் கடையை எப்படி அழைக்கிறார்களோ அந்தச் சொல்லை அவர்கள் எழுத்திலேயே போட்டுத் தேடுங்கள். இத்தாலியில் பாஸ்டிச்சேரியா, போர்ச்சுகலில் பாஸ்டெலாரியா, ஜெர்மன் பேசும் ஊர்களில் கோண்டிட்டோராய், ஜப்பானில் பாரம்பரிய இனிப்புக்கு வாகாஷி. சொல்லை மாற்றினாலே பட்டியல் மாறிவிடும்.

அடுத்தது நட்சத்திரக் கணக்கு. 4.7 என்ற சராசரி மூன்று வருடத்துக்கு முன்பு இருந்த கைப்பக்குவத்துக்குக் கிடைத்ததாக இருக்கலாம். "புதியவை முதலில்" என்று மாற்றிவிட்டு, கடைசி இரண்டு மாதத்தில் வந்த மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். கோபத்தில் எழுதுபவரும் புகழ்ந்து தள்ளுபவரும் விவரம் சொல்வதில்லை, அரைகுறை திருப்தியோடு போனவர்தான் "சாயங்காலம் போனால் நமத்துப் போயிருக்கிறது" என்று உருப்படியாக எழுதுவார்.

"ஒரிஜினல்" பலகையில் மயங்குவது

வியன்னாவின் சாக்கர் டோர்ட் என்ற சாக்லேட் கேக் 1832-இல் தோன்றியதாகச் சொல்வார்கள். அதை "ஒரிஜினல்" என்று சொல்லி விற்க யாருக்கு உரிமை என்று சாக்கர் ஹோட்டலும் டெமெல் கடையும் வருடக்கணக்கில் வழக்காடி, 1963-இல்தான் சமரசத்துக்கு வந்தன. அந்தச் சொல் ஹோட்டலுக்குக் கிடைத்தது. ஆனால் அது பெயரின் மீதான உரிமை. இன்று உங்கள் தட்டுக்கு வரும் துண்டு எப்போது வெட்டியது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

நீளமான வரிசையையும் அப்படியே நம்ப வேண்டாம். தட்டு காலியாகக் காலியாக உள்ளேயிருந்து சூடான அடுத்த தட்டு வந்துகொண்டிருந்தால் அந்த வரிசையில் நிற்கலாம். ஆளுக்குப் பத்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டு நிற்கும் வரிசை வேறு ஜாதி.

ஐஸ்கிரீமைக் கண்ணால் தேர்வு செய்வது

அதிகம் ஏமாறுவது இங்கேதான். கண்ணாடிப் பெட்டிக்குள் மலை மலையாகக் குவித்து மேலே பழம் செருகிய ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) பார்க்க அழகுதான். ஆனால் ஜெலாட்டோவை மைனஸ் 12 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்துப் பரிமாறுவது வழக்கம். கலத்தின் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கும் பகுதிக்கு அந்தக் குளிர் சரியாக எட்டாது. எட்டாமலும் உருகாமல் நிற்கிறதென்றால், காற்றோ, தாவரக் கொழுப்போ, உருகாமல் கெட்டியாக நிறுத்தும் நிலைப்படுத்திகளோ தாராளமாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். விளிம்புக்குக் கீழே தட்டையாக இருப்பதையும், மூடிபோட்ட உலோகக் கலத்தில் இருப்பதையும் முதலில் பாருங்கள். மூடி இருந்தாலே தரம் என்றும் இல்லை, அது ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான்.

நிறம் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அசல் பிஸ்தா பழுப்பு கலந்த மங்கிய பச்சை. கிளிப்பச்சையாக இருந்தால் சாயம். வாழைப்பழம் மஞ்சளாக இருக்காது, சாம்பல் ஓடிய வெண்மைதான். வெனிலாவில் தெரியும் கரும்புள்ளியை நம்பிப் பயனில்லை, சாரம் எடுத்தபின் மிஞ்சும் விதைகளையும் அழகுக்குத் தூவுகிறார்கள்.

முதல் கரண்டி எப்போதும் சாதாரணப் பால் சுவையாக இருக்கட்டும். இத்தாலியில் அதை ஃபியோர் தி லாத்தே என்பார்கள். பால், சர்க்கரை, க்ரீம் தவிர அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. பால் ருசியே வரவில்லை என்றால் மற்ற இருபது வகையும் வேண்டாம். அதில் கொஞ்சத்தைக் கரண்டியிலேயே உருக விட்டுப் பாருங்கள்: உருகி நீர்த்த க்ரீமாக ஓடினால் நல்லது, நுரை போல அப்படியே உட்கார்ந்திருந்தால் காற்றுக்கும் நிலைப்படுத்திக்கும்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். சாதாரண ஐஸ்கிரீமில் பாதி அளவுவரைகூடக் காற்று இருக்கும், ஜெலாட்டோவில் கால் பங்கை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

கொழுப்பைக் கவனிக்காமல் விடுவது

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும். வாயின் சூடு அதற்கு மேல், அதனால் சுத்தமாகக் கரைந்து போகும். மடித்து மடித்துத் தேய்க்கும் அடுக்கு மாவுக்கென்றே செய்யும் மார்கரின் (வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் கொழுப்பு) பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேல்தான் உருகும். சாப்பிட்டு முடித்த பிறகும் அண்ணத்தில் மெழுகு பூசினதுபோல இருந்தால் காரணம் இதுதான்.

அப்படி மடித்துச் சுடும் பிறைவடிவ ரொட்டியான குரோசானைப் பிட்டுப் பாருங்கள். வெண்ணெய் வைத்த மாவை மூன்று தடவை மும்மடிப்பாக மடித்தால் 27 வெண்ணெய் அடுக்கு விழும். பிட்ட இடம் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்க வேண்டும், மேலோடு சட்டைமேல் உதிர வேண்டும். உள்ளே ரொட்டி போல அடைந்திருந்தால் ஒன்று மாவு சரியாகப் பொங்கவில்லை, அல்லது மடிக்கும்போதே வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிட்டது.

மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவே கொட்டை வைத்துப் பாகு ஊற்றும் பக்லாவாவுக்குக் காது போதும். முள்கரண்டி குத்தும்போது மொறுக்கென்று சத்தம் வர வேண்டும். தட்டின் அடியில் பாகு குளம் கட்டியிருந்தால் அடி அடுக்கு ஊறிப்போயிருக்கும். பிஸ்தா விலை ஏறும்போது பச்சைச் சாயம் ஏற்றிய வேர்க்கடலையையும் பட்டாணியையும் கலப்பதும் நடக்கிறது, எனவே மேலே தூவிய பொடியைப் பார்க்காமல் நடுவில் வெட்டிய முகத்தைப் பாருங்கள்.

நேரம் தவறிப் போவது

அடுப்பில் சுட்டவற்றுக்குக் காலை. கஸ்டர்ட் டார்ட் போன்றவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே உயிர். "எது நல்லாயிருக்கும்?" என்று கேட்டால் மிஞ்சிக் கிடப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். "கடைசியாக அடுப்பிலிருந்து வந்தது எது?" என்று கேளுங்கள். பொரிக்கும் கடையில் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, பலகாரத்தை எடுத்த பிறகும் மேலே பொடி நுரை அடங்காமல் நின்றால் நகர்ந்துவிடலாம்.

ஜப்பானில் டிபார்ட்மென்ட் கடைகளின் அடித்தளத்தில் இருக்கும் உணவுப் பகுதியில், கடை மூடும் நேரம் நெருங்கும்போது விலையைக் குறைப்பார்கள். அன்றிரவே சாப்பிடுவதென்றால் வாங்கலாம். மொச்சியை (பசையரிசி மாவு இனிப்பு) வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டது கதை: அந்தக் குளிரில்தான் வெந்த மாவுச்சத்து சீக்கிரம் இறுகும். காலையில் அது ரப்பர்.

உள்ளே என்ன என்று கேட்காமல் வாங்குவது

சைவம் சாப்பிடுபவர்கள் "முட்டை இல்லை" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்வது பெரிய தவறு. பன்னா கோட்டா (இத்தாலிய க்ரீம் புட்டிங்), மார்ஷ்மெல்லோ, நுரைபோல் அடித்த பல மூஸ் வகைகளில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. ஸ்பெயினின் உதிரும் பிஸ்கட்டான போல்வோரோன், அந்நாட்டின் மல்லோர்கா தீவில் செய்யும் சுருள் ரொட்டியான என்சைமாதா இரண்டும் மரபுப்படி பன்றிக் கொழுப்பில் செய்பவை. சீன மூன்கேக் பலவற்றிலும் அது சேரும். சிவப்பு மக்கரோனில் (பாதாம் மாவு பிஸ்கட்) பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்ற சாயம் இருக்கலாம், லேபிளில் E120 என்று தேடுங்கள். காபியில் நனைத்த பிஸ்கட்டும் க்ரீமும் அடுக்கிய திராமிசுவில் பச்சை முட்டையும், பல இடங்களில் மதுவும் உண்டு. கொட்டை ஒவ்வாமை இருந்தால் ஐஸ்கிரீம் கரண்டியைக் கழுவித் தரச் சொல்லுங்கள், ஒரே கரண்டித் தண்ணீரில்தான் எல்லாச் சுவையும் முங்கி எழுகிறது.

ஒரே நாளில் ஆறு கடை

மூன்றாவது கடைக்குப் பிறகு நாக்கு தித்திப்புக்கு மரத்துப்போகும். பழம், பால் வகையில் தொடங்கி, பாகும் சாக்லேட்டும் கடைசியில் வரட்டும். இடையில் தண்ணீரும் ஏதாவது உப்புத் தீனியும் இருந்தால் நல்லது.

ஊருக்குக் கட்டிக்கொண்டு போவது

க்ரீம், கஸ்டர்ட் வைத்தவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, கடையிலேயே முடித்துவிடுங்கள். சாக்லேட் வெயிலில் இளகி மறுபடி இறுகினால் மேலே சாம்பல் பூக்கும். அது பூஞ்சணம் அல்ல, மேலே வந்து படிந்த கொழுப்பு. சாப்பிடலாம், மொறுமொறுப்பு மட்டும் போயிருக்கும். பயணத்துக்குத் தோதானது பக்லாவா. அதையும் ஃப்ரிட்ஜில் திணிக்காமல் காற்றுப்புகாத டப்பாவில் வெளியே வையுங்கள்.