சின்சியரில் மெழுகு கிடையாது

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஒரு பயோடேட்டா, கல்யாணத்துக்கு ஒரு பயோடேட்டா. இரண்டிலும் குணத்தைச் சொல்லும் இடத்தில் சின்சியர், டீசன்ட், ஹோம்லி என்று அதே வார்த்தைகள்தான் வந்து உட்காரும். தப்பும் அங்கேதான் நடக்கிறது.

போன மாதம் ஒரு பையன் வந்தான். கன்டெய்னர் யார்டில் வேலைக்கு மனு. “வெரி சின்சியர்னு மேலேயே போடுங்கண்ணா” என்றான். எதுக்குப்பா என்றால், “லீவே போட மாட்டேன், சொன்ன வேலைய முடிச்சிடுவேன்.” நம்ம ஊரில் அதற்குப் பெயர் சின்சியர்தான். ஆங்கிலத்திலோ அது மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறவருக்கான வார்த்தை. ஒருத்தர் சின்சியராக மன்னிப்பு கேட்டுவிட்டு, மறுநாளும் லேட்டாக வரலாம். அவனுக்கு ஹார்ட்வொர்க்கிங், பங்க்சுவல் என்று அடித்துக் கொடுத்தேன்.

இந்த வார்த்தைக்கு ஒரு கதையும் உண்டு. ரோமாபுரியில் சிலை செய்கிறவர்கள் பளிங்கில் விழுந்த விரிசலை மெழுகு வைத்து அடைத்து விற்றார்களாம். யோக்கியமான சிற்பி மட்டும் ‘சினே செரா’, அதாவது மெழுகில்லாதது என்று சொல்லி விற்றாராம். அதுதான் சின்சியர் ஆனதாம். கேட்க ஜோராக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. சுத்தமான, கலப்பில்லாத என்ற பொருளில் ‘சின்செருஸ்’ என்றே லத்தீனில் ஒரு சொல் இருந்தது. அதிலிருந்து வந்தது இது. ஓசை ஒத்துப்போனால் சொந்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவரும் ராயர் இல்லை, ராயப்பர். அதாவது புனித பேதுரு.

சரி, பிறப்பு உண்மையாகவே இருந்தாலும் அதை இன்றைய அர்த்தமாகப் பிடித்துக்கொள்வது அடுத்த தப்பு. நைஸ் என்பது ‘அறியாத’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முட்டாள்தனம் என்றே பொருள். அதற்காக இன்று யாராவது நைஸ் என்றால் சண்டைக்குப் போக முடியுமா? நம் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணமும்தான். இன்று பூக்கடையில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

டீசன்ட் விஷயம் சின்னது. நமக்கு அது ஒழுங்கான, கௌரவமான ஆள். ஆனால் நீங்கள் செய்த வேலையை வெளிநாட்டு மேனேஜர் டீசன்ட் என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்றுதான் அர்த்தம், ரொம்பக் குளிர்ந்துவிடாதீர்கள்.

ஹோம்லிதான் வம்பு. தண்டையார்பேட்டை அம்மா ஒருவர் அமெரிக்க மாப்பிள்ளைக்கு அனுப்ப மகளின் பயோடேட்டா அடிக்க வந்தார். நான் ஹோம்லியை எடுத்துவிட்டேன். “ஏம்பா எடுத்த? என் பொண்ணு வீடு உண்டு, தான் உண்டுன்னு இருக்கறவ” என்றார். குடும்பப் பாங்கு என்கிற அர்த்தம் இங்கே செல்லும்மா, அமெரிக்காவில் அதற்கு ‘பார்க்க சுமார்’ என்று அர்த்தம் என்றேன். “ஐயையோ, முழுசா அழி, முழுசா அழி!”

கேரக்டர் என்ற வார்த்தை வந்த வழி எனக்குப் பிடிக்கும். கிரேக்கத்தில் அது பொறிக்கும் கருவி, நாணயத்தில் விழும் முத்திரை. ஒரு காலத்தில் காசு அடித்த தங்கசாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வார்த்தையை நான் தினமும் அடிக்கிறேன். இதில் கவனம் வேண்டும்: ‘ஹி இஸ் எ மேன் ஆஃப் கேரக்டர்’ என்றால் ஒழுக்கமான, உறுதியான மனிதர். நடுவில் இரண்டு சொல் விட்டுப்போய் ‘ஹி இஸ் எ கேரக்டர்’ ஆனால், ‘அவன் ஒரு தினுசு’ என்றாகிவிடும். என் கடையிலிருந்தே ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் அப்படிப் போய், இரண்டு நாளில் திரும்பி வந்தது. காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.